புழுக்காரர்களின் லத்தீன்

ஓர் எழுத்துத்தான். எஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஆர் எழுதினேன். ஒரு பலகையில், கறுப்புப் பெயின்றால், வேண்டுமென்றே எழுதினேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பிள்ளை செய்த குறும்பை, பேரப்பிள்ளை கண்ட பிறகும் ஏன் சுமந்து திரிகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். செய்தது பிள்ளைதான். சொல்லாமல் விட்டவன் வளர்ந்தவன். பெரியப்பா அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார். அவரோடு எத்தனையோ தரம் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அன்று அவருக்கு இருந்த வயதை இப்போது நான் தாண்டிவிட்டேன். இனியும் பொறுத்திருக்க ஒரு நியாயமும் இல்லை.

பெரியப்பா யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசாக இருந்தவர். காணி உறுதிகளும் மரணசாசனங்களும் எழுதிச் சீவித்தவர். எண்பதுகளின் நடுவில், நாங்கள் டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம் கழித்து, ஒரு சூட்கேசோடும் ஒரு கறுத்தக் கோட்டோடும் ஸ்கீவ நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெரியம்மாவும் இரண்டு அக்காமாரும் ஊரில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிடுவது சம்பந்தமான கடிதங்கள் கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, வந்துகொண்டிருந்தன. அவற்றை வாசித்துச் சொல்வதும், பெரியப்பாவோடு அந்தக் கந்தோருக்குப் போய்க் கதைப்பதும் என் வேலை. அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலையில் நின்றார்கள். வீட்டில் டேனிஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கந்தோரில், கடையில், வைத்தியரிடத்தில், எல்லா இடத்திலும் பெரியப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு உத்தியோகத்தர் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசுவார். நான் திரும்பி, "பொறுக்கட்டாம்" என்பேன்.

"இவ்வளவு நேரமும் அதையோடா சொன்னவர்?"

"ஓம்."

பெரியப்பா தலையை ஆட்டி ஒத்துக்கொள்வார். வேறு என்ன செய்வார்? எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் அவருடைய கந்தோர் வாசலில் பெரிய மனிதர்கள் குடையை மடக்கிக்கொண்டு காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் இப்போது நான் இல்லாமல் ஒரு பால் பெட்டி வாங்கமாட்டார். மொழிப் பள்ளியில் அவருக்கு அப்பிள் படத்தைக் காட்டி, அப்பிள் என்று பத்துத் தரம் சொல்ல வைத்தார்களாம். மூன்றாம் நாளோடு போவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பல்கனியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கோட்டோடு, காலையிலிருந்து பின்னேரம் வரை இருந்தார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார். அவர் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த டேனிஷ்காரர். கதவளவு உருவம், சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

"உன் பெரியப்பா அந்தக் கதிரையிலேயே வேர்விடப் போகிறார். ஆற்றுக்கு மீன் பிடிக்க வருவாரா என்று கேள்" என்றார்.

நான் கேட்டேன். பெரியப்பா தன் வாழ்நாளில் மீன் பிடித்ததில்லை. சந்தையில் பேரம் பேசி வாங்கிய அனுபவம் மட்டும் உண்டு. ஆனாலும் எழும்பிக் கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார்.

ஸ்கீவ ஊடாக ஓடிப் பியோர்ட் என்ற கடல்நீரேரியில் விழுகிற ஆற்றில், கடலிலிருந்து ஏறிவருகிற பெரிய ட்ரவுட் மீன்கள் உண்டு. அந்த மீனுக்காக ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்குள்ளே இரண்டு சாதி. ஒரு சாதி புழுவைக் குத்தித் தூண்டில் போடுகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தொழிற்சாலைக் கூட்டாளிகளும் அந்தப் பக்கம். மற்றச் சாதி நீளமான மெல்லிய தடியைத் தலைக்கு மேலே சுழற்றி, இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சியைத் தண்ணீரில் மிதக்க விடுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஊரின் பல் வைத்தியர். அந்தப் பொய்ப் பூச்சிக்கு டேனிஷில் பெயர் ஈ. யாழ்ப்பாணத்து வழக்கத்தில் இலையான்.

"அவை இலையானாலை மீன் பிடிக்கினமாம், பெரியப்பா."

"இலையானைப் பிடிச்சு எப்பிடியடா தூண்டிலிலை குத்துறது? அது பறந்தெல்லோ போகும்!"

"உண்மை இலையான் இல்லை. இறகாலை செய்த கள்ள இலையான்."

பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: "அப்ப மீனை ஏமாத்தினம். நாங்கள் புழுவைக் குடுத்துப் பிடிக்கிறம். எங்கடை பக்கம் கொஞ்சம் நேர்மை கூட."

இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மொழிபெயர்த்தபோது அவர் பெரியப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டினார். கோட்டிலிருந்து தூசி பறந்தது. அன்றிலிருந்து பெரியப்பா புழுக்காரர். மழை விட்ட காலைகளில் சாரத்தை மடித்துக் கட்டி, இறப்பர் சப்பாத்துப் போட்டு, எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் குனிந்து புழுப் பொறுக்குவார். அயலவர்கள் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார்கள். பல் வைத்தியரின் மகன் என் வகுப்பில் படித்தான். அவன் எனக்கு ஓர்முஸ் என்று பெயர் வைத்தான். ஓர்ம் என்றால் டேனிஷில் புழு. அந்த உஸ் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

ஆற்றங்கரையில் சங்கத்துக்கு ஒரு மரக் குடிசை உண்டு. அதன் வாசலுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். பலகையில் லத்தீன் வாசகம். வருடாவருடம், சங்கத்தின் விழா நாளில் இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பலகையோடு வருவார்கள். யாருடைய வாசகத்துக்குக் கைதட்டல் கூடவோ அந்தப் பலகை ஒரு வருடத்துக்குத் தொங்கும். தோற்ற கட்சி வென்ற கட்சிக்கு மஞ்சள் கடலைப் பருப்புச் சூப் காய்ச்சிப் பரிமாறவேண்டும். வாசகம் முழு லத்தீனாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டேனிஷ் சொல்லின் வாலில் உஸ் ஒன்றைக் கட்டிவிட்டாலே போதும். ஒருமுறை புழுக்காரர்கள், "ஃப்ளூஃபிஸ்கெருஸ் நுல்லுஸ் ஃபிஸ்குஸ்" என்று எழுதினார்களாம். ஈக்காரனுக்கு மீன் பூச்சியம் என்று பொருள். அப்படியும் தோற்றார்கள். பல் வைத்தியர் உயர்பள்ளியில் லத்தீன் படித்தவர். உண்மைச் சொல்லையும் கள்ளச் சொல்லையும் நாசூக்காகக் கலப்பார். எட்டு வருடங்களாக ஈக்காரர்களின் பலகைதான் தொங்கியது. எட்டு வருடங்களாகப் பக்கத்து வீட்டுக்காரர் சூப் காய்ச்சினார்.

பெரியப்பா முதல்முறை அந்தக் குடிசை வாசலுக்குப் போனபோது நிமிர்ந்து பலகையை வாசித்தார். வாய்விட்டே வாசித்தார். "மூஸ்கா வோலாட், வெர்மிஸ் ஸ்டிங்குஸ்."

பிறகு சிரித்தார். டென்மார்க்குக்கு வந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"ஈ பறக்கும், புழு நாறும் எண்டு எழுதியிருக்கினம். மூஸ்கா வோலாட், அது சரி. ஸ்டிங்குஸ் எண்டு லத்தீனிலை ஒரு சொல்லும் இல்லையடா. ஓலெட் எண்டெல்லோ வரவேணும்! ஆர் இதை எழுதினது?"

அவர் படித்த மிஷன் பள்ளியில் லத்தீன் ஒரு பாடம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் மொழிபெயர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கையிலிருந்த புழு டப்பாவைக் கீழே வைத்தார். பெரியப்பாவின் இரண்டு தோள்களையும் பிடித்தார்.

"கேள். எங்களுக்கு ஒரு வாசகம் எழுதித் தருவாரா என்று கேள். வென்றால் அவரைச் சங்கத்தில் முழு உறுப்பினராகச் சேர்க்க நானே எழும்பி நின்று பேசுவேன் என்று சொல்."

இது சின்ன விஷயம் இல்லை. சங்கத்தில் புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று இருந்த காலம். அகதிகள் வந்து மீனையெல்லாம் வலை போட்டு வழித்துவிடுவார்கள் என்று ஒரு கதையும் ஓடியது. பெரியப்பா பக்கத்து வீட்டுக்காரரின் விருந்தினர் அட்டையில்தான் கரையில் நின்றார்.

"எழுதுறன்" என்றார் பெரியப்பா. "ஆனால் ஒண்டைச் சொல்லு. கள்ள லத்தீன் எழுதமாட்டன். சுத்த லத்தீன்தான்."

அடுத்த நாள் என்னை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு லத்தீன் டேனிஷ் அகராதி எடுத்தார். வீட்டில் எல்லாருக்கும் உஸ் பைத்தியம் பிடித்தது. அம்மா குசினியிலிருந்து, "சோறுஸ் ஆறுதுஸ், கெதியா வாங்கோவுஸ்!" என்று கூப்பிடுவா. அப்பா, "வாறனுஸ்" என்பார். பெரியப்பா மட்டும் சிரிக்காமல், குசினி மேசையில் கடுதாசிகளைப் பரப்பி, எழுதி, வெட்டி, எழுதினார். அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. சவரம் செய்த முகத்தோடு காலையில் மேசைக்கு வந்தார்.

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வெள்ளைக் கடுதாசி. நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு சொற்கள்: வெர்மிபுஸ் காபிமுஸ். கீழே அவருடைய முழுக் கையொப்பம். ஒரு சாப்பாட்டுச் சாமான் பட்டியல் எழுதினாலும் கையொப்பம் வைக்கிற மனிதர்.

"வெர்மிபுஸ் எண்டால் புழுக்களாலை. காபிமுஸ் எண்டால் நாங்கள் பிடிக்கிறம். புழுக்களால் பிடிக்கிறோம். அவ்வளவுதான். ஆரையும் பழிக்கேல்லை, கெஞ்சவும் இல்லை." பிறகு பென்சில் நுனியால் கடைசி எழுத்தைத் தொட்டார். "இதிலைதான் கவனம். இந்த எஸ் ஆர் ஆச்சுதெண்டால் எல்லாம் தலைகீழ். காபிமுர். நாங்கள் பிடிபடுறம் எண்டு வந்திடும். புழுக்களாலை நாங்கள் பிடிபடுறமாம்!" அதற்கும் ஒருதரம் சிரித்தார். "உன்ரை எழுத்து நல்ல எழுத்து. பலகையிலை நீதான் எழுதவேணும்."

அந்தப் பிரியத்தில் அவர் எனக்குத் தந்ததை நான் எதற்குப் பாவித்தேன் என்பதுதான் இந்தக் கதை.

ஏன் செய்தேன்? பள்ளியில் ஓர்முஸ் என்று பகிடி பண்ணினார்கள், பெரியப்பா வென்றால் அந்தப் பெயர் எனக்கு நிரந்தரமாகிவிடும் என்று பயந்தேன். நெடுங்காலம் இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அது காரணம் இல்லை.

காரணம் பேக்கரியில் நடந்தது. பெயின்ற் வாங்கப் போன சனிக்கிழமை, வழியில் பாண் வாங்க இரண்டு பேரும் உள்ளே போனோம். வழக்கம்போல் நான் முன்னுக்குப் போய் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

"புரோட். தக்."

பாண். நன்றி. அவ்வளவுதான். விற்கிற பெண் சிரித்து, எது வேண்டும் என்று அவரையே கேட்டாள். அவர் விரலை நீட்டிக் கறுத்தப் பாணைக் காட்டினார். "நிகெர்... ஸோர்ட்" என்று தடுமாறி, லத்தீனிலிருந்து டேனிஷுக்கு வந்து சேர்ந்தார். அவள் சுற்றிக் கொடுத்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

அகராதி! அப்பிள் படத்தால் நடக்காதது அதால் நடந்துகொண்டிருந்தது. லத்தீன் பக்கம் அவருக்குத் தெரியும். அதற்கு எதிரே இருந்த டேனிஷ் சொல்லை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். வாசகத்துக்காக ஒரு சொல் தேடப் போனால் பத்துச் சொல்லோடு திரும்பி வந்தார்.

"பார்த்தியே, பானிஸ் எண்டால் புரோட்!" என்று தெருவில் என்னிடம் சொன்னார். அவருடைய சந்தோஷம் ஒரு சின்னப் பிள்ளையினுடையது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்குப் பாண், நாளைக்குக் கொம்யூன். அதற்குப் பிறகு நான் யார்? வீட்டில் தட்டுக் கழுவச் சொல்லப்படுகிற ஒரு பெடியன். இப்படித்தான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதுதான் நடந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சீவித் தந்த பலகையை எங்கள் நிலக்கீழ் அறையில் வைத்து எழுதினேன். ஒவ்வோர் எழுத்தையும் முதலில் பென்சிலால் கீறி, பிறகு கறுப்புப் பெயின்றால் நிரப்பினேன். நல்ல எழுத்துத்தான், அதில் குறை சொல்ல முடியாது. கடைசி எழுத்துக்கு வந்தபோது கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் எனக்குச் சாதகமாக இருக்கும். நடுங்கவில்லை. ஆர் போட்டேன். காய்ந்ததும் அம்மாவின் பழைய சேலைத் துண்டால் சுற்றிக் கட்டினேன். திறப்புவிழா மாதிரி அன்றைக்குத்தான் திறக்கவேண்டும் என்று நானே சொன்னேன். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

சங்கத்தின் விழா நாள் வெயிலும் குளிர்காற்றுமாக இருந்தது. குடிசைக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர், கையில் பியர்ப் போத்தல்களோடு நின்றார்கள். பெரியப்பா கறுத்தக் கோட்டோடு கழுத்தில் ரை கட்டியிருந்தார். முதலில் ஈக்காரர்களின் பலகையைத் திறந்தார்கள். "இன் ஆயெரே ஆர்ஸ், இன் தெர்ரா ஓர்முஸ்." ஆகாயத்தில் கலை, மண்ணில் புழு. நல்ல கைதட்டல். பல் வைத்தியர் தொப்பியைத் தூக்கி வணங்கினார். மெலிந்த, உயரமான மனிதர். தொப்பி முழுக்கப் பொய் ஈக்கள் குத்தியிருந்தன.

பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பலகையை மேசைமேல் நிறுத்திச் சேலைத் துண்டை இழுத்தார்.

பல் வைத்தியர் கிட்டப் போய் வாசித்தார். உதடுகள் அசைந்தன. இரண்டாம் தரம் வாசித்தார். அடுத்த கணம் வெடித்துச் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு டேனிஷில் சொன்னார்: "புழுக்களால் நாங்கள் பிடிபடுகிறோம்! ஆமாம் ஐயா, எட்டு வருடங்களாக அதைத்தானே பார்க்கிறோம்!"

ஈக்காரர்கள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். ஒருவர் வாயில் தூண்டில் மாட்டிய மாதிரிக் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். புழுக்காரர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காதுகள் சிவந்துவிட்டன. அவர் என்னிடம் குனிந்து, மெதுவாக, "என்ன நடந்தது என்று அவரைக் கேள்" என்றார்.

நான் கேட்பதற்கு முன் பெரியப்பாவே கேட்டார். "அவை என்ன சொல்லிச் சிரிக்கினம்?"

பலகையில் இருந்தது அவர் நின்ற இடத்துக்குத் தெரியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"நீங்கள் பிழையா எழுதிப்போட்டியளாம். எஸ் வரவேண்டிய இடத்திலை ஆராம்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு காணி உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட்களை விலக்கி மேசைக்குப் போனார். பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கிழவர் அழப்போகிறார் என்று சிலர் நினைத்திருக்கவேண்டும். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் திரும்பினார். என்னைக் கூப்பிடவில்லை. நேராகப் பல் வைத்தியரைப் பார்த்து, தானாகவே பேசினார்.

"இக்கே ஃபைல்."

பிழை இல்லை. டேனிஷில் சொன்னார். உச்சரிப்புக் கரடுமுரடாக இருந்தது. ஆனால் எல்லாருக்கும் விளங்கியது. பிறகு கையை நீட்டி ஈக்காரர்களைக் காட்டினார். புழுக்காரர்களைக் காட்டினார். பல் வைத்தியரைக் காட்டினார். கடைசியாகத் தன் நெஞ்சில் கையை வைத்தார்.

"ஓம்னெஸ்" என்றார். "ஓம்னெஸ் காபிமுர்."

எல்லோரும். நாங்கள் எல்லோருமே பிடிபடுகிறோம். பிறகு அந்தக் கையைத் தாழ்த்தி மண்ணைக் காட்டினார்.

பல் வைத்தியரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் வேறொன்று வந்தது. அவர் பலகையைத் திரும்பவும் வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். கூட்டத்தின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"இவர் சொல்வது மீனைப் பற்றி அல்ல. ஈயால் பிடித்தாலென்ன, புழுவால் பிடித்தாலென்ன, கடைசியில் மண்ணுக்குள் போவோம். அங்கே புழு எங்களைப் பிடிக்கும். எல்லோரையும். அதைத்தான் எழுதியிருக்கிறார்." தொப்பியால் தன்னைக் காட்டி, "என்னையும்" என்றார்.

யாரோ பின்னாலிருந்து, "ஈக்காரர்களை முதலில் பிடிக்கட்டும்!" என்று கத்தினார். அதோடு எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு முந்தியதுபோல் இல்லை. யாரும் யாரையும் விரல் காட்டாத சிரிப்பு. கைதட்டல் எழும்பி நிற்கவேயில்லை. ஈக்காரர்களும் தட்டினார்கள். பல் வைத்தியரே கதிரையில் ஏறித் தன் பலகை தொங்கவேண்டிய ஆணியில் எங்கள் பலகையை மாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எழும்பியபோது பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஏற்கெனவே உறுப்பினர் புத்தகத்தைத் திறந்து பெரியப்பாவின் நீளமான பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஈக்காரர்கள் சூப் பரிமாறினார்கள். பெரியப்பா ஒரு வாய் வைத்துப் பார்த்து, "நல்ல பருப்பு. செத்தல் மிளகாய் ரண்டு தாளிச்சிருந்தால் கறியாகியிருக்கும்" என்று என் காதில் சொன்னார். பல் வைத்தியர் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் கடுதாசித் தட்டுகளின் முதுகில் எழுதி எழுதிக் கதைத்தார்கள். ஒருவர் லத்தீன் சொல் எழுத, மற்றவர் அதற்குப் பக்கத்தில் டேனிஷ் எழுதினார். உக்ஸோர் என்று பெரியப்பா எழுதினார். மனைவி. அதற்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஸ்கீவ என்று ஒரு வட்டம், ஒரு பெரிய கேள்விக்குறி. பல் வைத்தியர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் அக்காமாரும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பல் வைத்தியர் கொம்யூனுக்கு எழுதிய கடிதம் எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியாது. எழுதினார் என்பது தெரியும். பின்னாளில் அவர் புழுப் பொறுக்கவும், பெரியப்பா தடியைத் தலைக்கு மேலே சுழற்றித் தன் தொப்பியையே பிடிக்கவும் பழகிக்கொண்டார்கள். நான் அந்த மேசையின் மறுபக்கத்தில், யாருக்கும் ஒன்றும் மொழிபெயர்க்காமல் இருந்தேன்.

பின்னேரம் நானும் பெரியப்பாவும் நடந்தே வீட்டுக்குப் போனோம். பாலத்தில் அவர் நின்றார்.

"அந்தக் கடுதாசி எங்கை? நான் கையொப்பம் வைச்சுத் தந்தது."

என் யக்கெற்றுக்குள் இருந்தது. எறிய நினைத்து எறியாமல் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பாலத்தின் கைபிடிச் சுவரில் விரித்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்தார். வெர்மிபுஸ் காபிமுஸ். எஸ் வடிவாகத் தெரிந்தது. அவர் கோட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்தார். அந்த எஸ்ஸின் மேல் ஒரு நேர்க்கோடு போட்டு, மேலே ஆர் என்று எழுதினார். பிறகு பக்க ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டார். உறுதியில் ஓர் எழுத்தைத் திருத்தினால் நொத்தாரிசு அதன் ஓரத்தில் அப்படி இடவேண்டும். இந்தத் திருத்தம் என் அறிவோடு நடந்தது, இதற்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். அதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கிழவருக்குத் தான்தான் பிழைவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டது, நான் தப்பிவிட்டேன்.

மை காய ஊதினார். கடுதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"திங்கக்கிழமை கொம்யூனுக்குப் போகவேணும்" என்றார். "பெரியம்மான்ரை அலுவல். நீ வருவாய்தானே?"

"நீங்கள் இப்ப நல்லாக் கதைக்கிறியள். பல் டொக்டரோடை கதைச்சனீங்கள்தானே" என்றேன். குரலில் கொஞ்சம் நஞ்சு இருந்தது.

"அது லத்தீனடா. கொம்யூனிலை லத்தீன் கதைக்கிறாங்களோ?" பெரியப்பா என் தோளில் கை வைத்தார். "நீ வராட்டி எனக்கு ஒண்டும் விளங்காது."

எனக்கு வயிறு குளிர்ந்தது. பார், இவ்வளவு கைதட்டல் வாங்கியும் நான் இல்லாமல் இந்த மனிசனால் ஓரடி வைக்க முடியாது. பாவம், என்னை விட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்று இரக்கப்பட்டுக்கொண்டே, அவருக்கு வழி காட்டுகிறவன்போல இரண்டு எட்டு முன்னால் நடந்தேன்.